திரைக்கு வராத கப்பல்

கப்பலின் கொடிமரம் மட்டும்தான் திரைக்கு வந்திருந்தது. பாய்மரம் இருக்கவேண்டிய இடம் முழுக்க @%& என்று குப்பை.

"என்ன தம்பி, என் கப்பல் கவுந்து போச்சா?" என்றார் அப்துல் மஜீது.

சிராங்கூன் சாலையில் அவருடைய மளிகைக்கடை. கப்பல்தான் கடையின் சின்னம். அதன் கீழே விலைப்பட்டியல் வரவேண்டும். அலுவலகக் கணினியிலிருந்து தொலைபேசி வழியாகக் கடைக்கு வந்துசேரும் அந்தப் பக்கங்களை வடிவமைத்தவன் ஆம்ப்ரோஸ். 1986இல் அந்த லைனில் வினாடிக்கு நூற்றிருபது எழுத்துகள்தான் வரும். ஒவ்வோர் எழுத்தையும் அவன் கஞ்சனைப்போல எண்ணி எண்ணி வைத்திருந்தான்.

நான்கு மணிக்குள் பக்கம் ஒழுங்காக வந்தால் மஜீது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் நாளை வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இப்போது மணி மூன்றேகால்.

"பாய், இங்க ஒரே லைன்தானே?"

"முன்னறைக்கும் பின்னறைக்கும் ஒரே நம்பர்தான் லா. ஒருத்தரும் பேசக் கூடாதுன்னு காலையிலயே சொல்லிட்டேன்."

பின்னறையிலிருந்து பிலோமினம்மாள் எட்டிப் பார்த்தார். கடையில் மிளகாய்த்தூள் பொட்டலம் கட்டுபவர். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் ஆம்ப்ரோஸைப் பார்ப்பவர்.

"இன்னும் வரலியா தம்பி? காலையிலேருந்து உங்களுக்காகத்தான் ஜெபம் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நல்லா வேண்டிக்கோங்க ஆன்ட்டி. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

லைனைத் துண்டிக்கப் பயந்து, எதிர்ச்சாரிக் கோப்பிக்கடையிலிருந்த பொதுத் தொலைபேசிக்கு ஓடினான். அலுவலகத்தில் பக்கங்களை அனுப்பும் சந்திரமதி எடுத்தாள்.

"கப்பலைப் பாதியாக்கி அனுப்பு!"

பாதிக் கப்பல் வந்தது. குப்பை மட்டும் குறையவில்லை.

"கப்பலே வேண்டாம். வெறும் விலைப்பட்டியல் அனுப்பு!"

"இப்பவே ரெண்டு தடவை ஓடிட்டே. ஒலிம்பிக்ஸுக்குப் போறியா?" என்றாள் சந்திரமதி.

விலைப்பட்டியல் வந்தது. அரிசியைக் காணோம். பருப்பு பாதியில் நின்றது.

"கப்பலையும் தூக்கிட்டே, சரக்கையும் தூக்கிட்டே. கடையை வச்சிருக்கியா, அதையும் தூக்கிட்டியா?" மஜீது கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மூன்று நாற்பது.

பின்னறைப் பக்கம் திரும்பிக் கத்தினான் ஆம்ப்ரோஸ். "ஆன்ட்டி, இன்னும் பலமா வேண்டிக்கோங்க!"

"சரி தம்பி!"

வேகம்தான் கோளாறோ? மெதுவாக அனுப்பினால் தெளிவாக வருமோ? மறுபடி ஓடி, வினாடிக்கு முப்பது எழுத்தாகக் குறைக்கச் சொன்னான். நான்கு மடங்கு நேரம் எடுத்து, நான்கு மடங்கு குப்பை வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். குப்பையில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பத்துப் பத்தாகக் கொத்து, நடுவில் ஓர் இடைவெளி, மறுபடி பத்து. எந்த இயந்திரம் இப்படிப் பத்துப் பத்தாக எண்ணும்? அவன் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படியொரு கோளாறு இல்லை.

மூன்று ஐம்பத்தைந்து. ஆம்ப்ரோஸ் நாற்காலியில் சரிந்தான்.

"போதும் ஆன்ட்டி. வெளிய வாங்க. மாதாவை இதுக்கு மேல தொந்தரவு பண்ண வேண்டாம்."

கடைசியாக ஒருமுறை ஓடினான். "எல்லாத்தையும் பழையபடி போடு, சந்திரா. முழுக் கப்பல், பழைய வேகம். மூழ்கினா முழுசா மூழ்கட்டும்."

திரும்பி வந்தபோது மஜீது திரைக்கு முன்னால் வாய்பிளந்து நின்றார். கொடிமரம், பாய்மரம், நங்கூரம் என்று ஒரு கோடுகூடப் பிசகாமல் கப்பல் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே அரிசி வந்தது, பருப்பும் வந்தது. மணி நான்காக ஒரு நிமிடம் இருந்தது. மஜீது பேனாவைத் திறந்து கையெழுத்தைப் போட்டார்.

"எப்படி தம்பி சரி பண்ணே?"

ஆம்ப்ரோஸுக்கே தெரியவில்லை. "ஆன்ட்டியோட ஜெபம்தான் பாய்."

பிலோமினம்மாள் திகைத்துப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இந்தத் தடவை நான் ஒண்ணுமே சொல்லலியே தம்பி! காலையிலேருந்து பின்னறை போனை எடுத்து, மிஷின் காதுல விழுற மாதிரி சத்தமா பத்துப் பத்தா ஜெபமாலை சொன்னப்பல்லாம் வராத கப்பல், இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"