செவ்வந்தியின் பாடு

மாலை ஐந்தரை மணி. ஒன்பது பேர். முதல் வரிசையில் செவ்வந்தி.

ஒன்பதில் எட்டுப் பேரிடம் எனக்குப் பயமில்லை. மிச்சமுள்ள ஒருத்தியைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

பழவேற்காட்டுப் படிப்பகத்தில் புதன்தோறும் அறுபது தாண்டியவர்களுக்கு வகுப்பு நடத்தினேன். பாடம், இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கச் சிறுகதைகள். நான் தமிழில் வாசிப்பேன். அவர்கள் வாதாடுவார்கள். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னை 'சார்' என்று கூப்பிட்ட ஒரே இடம் அது. வீட்டில் என் பெயர் 'இன்னாங்க'.

போன வருஷத்திலிருந்து எனக்குக் காது மந்தம். தெரிந்தால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும். ஒருவருக்கும் தெரியவிடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். முக்கியமாகச் செவ்வந்திக்கு. அவளிடம் சொல்வதும் மீன் மார்க்கெட்டில் மைக் பிடிப்பதும் ஒன்று.

சபதத்தைக் காப்பாற்றியது பாடு. ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை விடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. தோணிரேவு சிங்காரம் அதை வகுப்புக்கும் கொண்டுவந்தார். சீட்டில் பேர் வந்தவர்தான் பேசலாம். எந்த வாயைப் பார்ப்பது என்று எனக்குத் தெரிந்துவிடும். வாய் நின்றதும், "அருமையான கேள்வி. நீங்களே பதில் சொல்லுங்க" என்பேன். இப்படி ஒரு வாத்தியாரா என்று ஊரே மெச்சியது.

பொங்கல் முடிந்ததும் செவ்வந்தி வகுப்பில் சேர்ந்தாள். "அப்படி இன்னாத்த கிழிக்கிறீங்கன்னு பாக்கறேன்" என்றாளாம். நான் வாழ்த்து என்று நினைத்து நன்றி சொன்னேன்.

அன்றைய கதையில் ஒரு மீனவன் மூடுபனியில் இரண்டு நாள் காணாமல் போகிறான். திரும்பி வந்து, பேய்க்கப்பலில் விருந்து சாப்பிட்டதாகச் சொல்கிறான். பேயா, கனவா? அந்தக் காலத்து அமெரிக்கர்கள் லேசில் சொல்லிவிட மாட்டார்கள். அடுத்து நடந்த வாதத்தை நான் பிறகு விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

"பனில எது வேணா தெரியும்," என்றார் சிங்காரம். "நானே தென்னமரத்த ஆளுன்னு நெனச்சி பீடி கேட்டுக்கீறேன்."

"பேயும் இல்ல, கனவும் இல்ல," என்றார் பரக்கத் பீவி. "லேட்டா வந்த புருசன் சொல்ற கதை."

"சாரு சொல்லட்டும்," என்று சிங்காரம் என் பக்கம் திரும்பினார். "சார், இப்ப உங்க பாடு!"

என் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. பாடு. கேட்டுவிட்டார்கள், மறுப்பானேன்? பாடினேன்.

இரண்டு வரி முடித்துக் கண்ணைத் திறந்தால் ஒன்பது வாயும் திறந்திருந்தன. "அந்தக் காலத்து மாலுமிப் பாட்டு," என்று சமாளித்தேன். பரக்கத் பீவி கைதட்டினார். செவ்வந்தி தட்டவில்லை. எழுந்து நின்று, கையை ஆட்டி, நீளமாக ஏதோ கேட்டாள்.

"அருமையான கேள்வி," என்றேன். "நீங்களே பதில் சொல்லுங்க."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கே கேட்டது.

செவ்வந்தி என் காதோரம் வந்தாள். "நான் ஒண்ணுமே கேக்கல. வாயத்தான் அசைச்சேன். எத்தினி நாளா இது?"

"இன்னா?"

"காது!"

"ஒரு வருசமா."

"அப்ப நான் கத்துனதெல்லாம்?"

"பாதி வந்துச்சி."

"அடப் பாவி மனுசா! என் தொண்டைத் தண்ணி வத்துனது வீணா?"

"சொன்னா வகுப்பப் புடுங்கிக்குவாங்கன்னு..."

சிங்காரம் குறுக்கே வந்தார். "இதுக்கா பயந்தீங்க சாரே? எனக்கு எடது காது போயி பத்து வருசமாவுது. பீவிக்கும் அரைக் காதுதான். அதான் இங்க அல்லாரும் கத்தறோம்."

ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன். அன்று ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். அடுத்த வாரம் பொன்னேரி போய்க் காது மிஷின் வாங்கினோம். மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது பரக்கத் பீவியின் குரல்.

"பேசாமலே கேள்வி கேக்குற பொம்பள பேசினா எப்படி இருக்கும்! செவ்வந்தியே நடத்தட்டுமே."

ஒருவரும் சீட்டுப் போடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, புதன்கிழமை முதல் வகுப்பைச் செவ்வந்தி நடத்துகிறாள்.