அம்புக்குறிக்கும் சொந்தப் பாணி

எழுதத் தெரியாதவர்கள் உண்டு, எழுதத் தெரிந்தவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவர், அலங்கார எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு சனிக்கிழமை போய், 'சொந்தப் பாணி' ஒன்றைக் கண்டுபிடித்து, அன்றிலிருந்து எவருக்கும் புரியாமல் எழுதுகிறவர். பாணிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஈப்போ வட்டாரத்தில் இப்போது தடுக்கி விழுந்தால் இவர்கள் மேல்தான் விழ வேண்டும்.

அடையாளம் காண்பது சுலபம். காப்பிக் கடையில் காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும், இவர் டிஷ்யூ தாளில் 'அ'வுக்கு வால் நீட்டிக்கொண்டிருப்பார். பை நிறைய தூரிகைப் பேனா இருக்கும். ஒரு விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட இரவல் கேட்டுப் பாருங்கள், கிட்னியைக் கேட்டதுபோல் பார்ப்பார். எழுதுவது எப்போதும் 'அமைதி', 'நம்பிக்கை', 'பயணம்'. 'கத்தரிக்காய் அரைக் கிலோ' என்று எந்தப் பாணிக்காரராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பரிதாபமாகப் பார்த்து, "இது படிக்கிறதுக்கு இல்லண்ணே, ஃபீல் பண்றதுக்கு" என்பார்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுத் தனேஷ் இந்த இனத்தில் அசல் சரக்கு. அவன் தங்கை தினேஸ்வரிக்குக் கல்யாணம், பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, வீடுகளும் போய்விட்டன, கோயில் மட்டும் உள்ளே இருக்கிறது. அந்த மண்சாலைகள் எந்தக் கைப்பேசி வரைபடத்துக்கும் தெரியாது. அதனால்தான் நம்மூர் வழக்கப்படி சாலை பிரியும் ஒவ்வொரு சிம்பாங்கிலும் மணமக்கள் பேரும் அம்புக்குறியும் போட்ட அட்டையைக் கம்பத்தில் கட்டுகிறோம். ஊரெல்லாம் கடையில் அச்சடிக்கும். தனேஷ் விடுவானா?

முதல் அட்டையைப் பார்த்த தினேஸ்வரி, "அண்ணே, அம்பு எங்க?" என்றாள்.

"அதாம்மா அம்பு."

"பாவக்கா கொடி மாதிரில்ல இருக்கு."

"அம்புன்னா குத்தணுமா? இது அன்பா கூப்பிடுற அம்பு லா."

அந்த அம்புக்குத் தலையிலும் சுருள், வாலிலும் சுருள். வால் சுருள்தான் கொஞ்சம் கொழுத்திருந்தது.

கல்யாணத்தன்று ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். அது தவறினால் ஆடி வந்துவிடும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ முதலிலிருந்தே இந்தச் சம்பந்தத்தில் அரைமனசு, தள்ளிப்போட ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். எட்டேகாலாகியும் கமுந்திங்கிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டுப் பஸ்ஸைக் காணோம். மாப்பிள்ளையின் அக்கா புஷ்பலதாதான் போன் செய்தாள்.

"உங்க போர்டப் பாத்துத்தான் திரும்புனோம். இங்க செம்பனையும் மாடும்தான் இருக்கு. அம்மா வீட்டுக்கே போலாங்கிறாங்க."

தனேஷ் போனை வாங்கினான். மன்னிப்புக் கேட்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? "அக்கா, நீங்க வாலப் பாத்துட்டீங்க. இடது சுருள் லேசா மேல எழும்பும் பாருங்க, அதுதான் தலை" என்று பாடம் எடுத்தான். பூசாரி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அந்தக் கொடியிலேயே கட்டியிருப்பேன்.

அலங்காரம் பாதியில் நிற்க எழுந்து வந்தாள் தினேஸ்வரி. போனைப் பிடுங்கி, "அக்கா, வந்த வழியே சிம்பாங்குக்குத் திரும்பி வாங்க, அங்க ஆள் நிக்கும்" என்றாள். தண்ணீர் பாட்டில் பெட்டியின் அட்டையைக் கிழித்தாள். உதட்டுச் சாயத்தால் கொட்டை எழுத்தில் 'கோயில்' என்று எழுதி, ஒரு நேர்கோடு இழுத்து, முனையில் கூராக ஓர் அம்பு போட்டாள்.

"சிம்பாங்ல போய் இதப் புடிச்சிக்கிட்டு நில்லு. கட்டாத, கையிலயே வச்சிக்க. கடைசி ஆள் வர்ற வரைக்கும் நகராத."

தனேஷ் பட்டு வேட்டியோடு மோட்டார் சைக்கிளில் பறந்தான். பஸ் அவனைப் பார்த்தது, திரும்பியது, ஒன்பதுக்குச் சற்று முன்னால் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. தாலி ஏறியது. கெட்டிமேளம் செம்பனைக் காட்டைத் தாண்டிக் கேட்டபோது, கூடப்பிறந்த அண்ணன் புழுதியில் அட்டையோடு நின்றுகொண்டிருந்தான். எனக்கே பாவமாக இருந்தது. அழுதானாம், பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

திருந்திவிட்டான் என்கிறீர்களா? அன்று மாலையே அந்த அட்டையைப் படம் எடுத்து, 'எனது புதிய பாணி: மண்ணும் அவசரமும்' என்று பதிவு போட்டான். அடுத்த மாதம் வகுப்பும் எடுக்கப் போகிறானாம், மாணவர்கள் உதட்டுச் சாயம் கொண்டுவர வேண்டுமாம்.

சிரிக்கிறீர்கள். சரி, போன பிறந்தநாளுக்குக் கடையில் வாங்காமல் உங்கள் கையாலேயே எழுதி ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தீர்களே, வாங்கியவர் என்ன சொன்னார்? "ரொம்ப அழகா இருக்கு" என்றாரா? அதில் என்ன எழுதியிருந்தது என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.