பிரபுக்களைத் திட்டித் தீர்த்த டியூக் அக்கா

ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் மீது அந்த நாட்டு எதிரிகளுக்குக்கூட இல்லாத கோபம் மதுரை பசுமலையில் ஒரு பெண்மணிக்கு இருந்தது. அந்தப் பிரபுக்களில் ஒருவர் தப்பித்தவறி எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் வாசலுக்கு வந்திருந்தால், அவருடைய குதிரையை மட்டும்தான் முழுசாகத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டியூக் அக்கா. ஐம்பதை நெருங்கிய வயது. சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்யும் நோட்டுப் புத்தகக் கடையில் பில் போடும் வேலை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். கோபம் தமிழில் அடங்காமல் போனால் அந்தப் பாஷைக்கு மாறிவிடுவார். எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் எல்லாம் புரிந்துவிடும்.

அவர் படித்தது ஒரே வகைப் புத்தகம். அந்தக் காலத்து ஸ்காட்லாந்து, மலை மேல் ஒரு கோட்டை, கோட்டைக்குள் டியூக் என்று ஒரு பிரபு, அவனுக்கு ஒரு காதல். பழைய புத்தகக் கடையிலிருந்து கட்டாக வாங்கி வருவார். வாங்கியது தீர்ந்தால் போனில் படிப்பார். சாப்பாடு முடிந்து நாங்கள் துணி மடிக்கும் நேரத்தில் படித்ததையெல்லாம் தமிழில் சொல்லுவார். சொல்லுவார் என்பது மரியாதைக்கு. கதாநாயகனை நிற்கவைத்துக் கிழிப்பார்.

"ஏன்க்கா, உலகத்துல வேற ஊரே இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க முத பக்கத்துலயே மழை பெஞ்சிருதுடி. இந்தத் தகரக் கூரைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு பாலைவனக் கதையா படிக்கச் சொல்ற?"

முதல் கோபம் அட்டைப் படத்திலேயே ஆரம்பித்துவிடும். எல்லா அட்டையிலும் பிரபு கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, சட்டை இல்லாமல், பனியில் நிற்பான். "காய்ச்சல் வந்தா கஞ்சி வைக்கப் போறது யாரு? அவன் காதலிக்கிறவளா? கோட்டை கட்டத் தெரியுது, ஒரு சட்டை தைக்கத் தெரியலையா?" அடுத்தது, எந்தப் பிரபுவும் வேலைக்குப் போவதில்லை என்ற கோபம். "நானும் பாத்துட்டேன், ஒரு பய காலையில எந்திரிச்சு டவுன் பஸ் பிடிச்சு எங்கயாச்சும் போறானா? குதிரையில ஏறுறான், மலையைப் பாக்குறான், பெருமூச்சு விடுறான். இவனுக்கெல்லாம் சோறு யாரு போடுறா?"

இதெல்லாம் சும்மா தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்கு. நிஜமான சண்டை முறை விஷயத்தில்தான். அந்தக் கதைகளில் ஒரே குலப்பெயரை ஊரே வைத்திருக்கும். பிரபுவுக்கும் அந்தப் பெயர், அவன் காதலிக்கும் பெண்ணுக்கும் அந்தப் பெயர். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. அக்காவுக்குக் குலை நடுங்கிவிட்டது.

"ஒரே குலம்டி! பங்காளி வீட்டுப் பிள்ளைக. அண்ணன் தங்கச்சி முறை. கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா? தோட்டத்துல கையப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுக!"

"அங்க அப்படி முறையெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா."

"எந்த நாடா இருந்தா என்ன, சித்தப்பா மக தங்கச்சிதான்!"

புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு, முதல் பக்கத்தில் 'அண்ணன் தங்கச்சி முறை, யாரும் வாங்காதீர்கள்' என்று எழுதி, வாங்கிய கடையிலேயே திருப்பிப் போட்டுவிடுவார். புத்தகக் கடைக்காரர் கும்பிடாத குறை. "அக்கா, ஒங்களால என் யாவாரமே படுத்துருச்சு. அம்புட்டுப் புத்தகத்துலயும் எழுதி வச்சிருக்கீக." "ஊருக்கு நல்லது பண்றேன்ணே, நீங்கதான் எனக்குக் காசு குடுக்கணும்" என்றாராம் அக்கா.

ஆனால் அவர் புத்தகத்தைச் சுவரில் அடித்த சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான். கோட்டையில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணைப் பிரபு காதலிப்பான். ஊரே எதிர்க்கும். இவன் உருகுவான், அவள் அழுவாள், மழை பெய்யும். கடைசி அத்தியாயத்தில் அவள் கழுத்தில் ஒரு மச்சத்தைப் பார்த்து, அவள் நிஜத்தில் பக்கத்துக் கோட்டைப் பிரபுவின் காணாமல்போன மகள் என்று கண்டுபிடிப்பார்கள். உடனே எல்லாருக்கும் சம்மதம், கல்யாணம், சுபம்.

"பாத்திரம் தேச்சவ பாத்திரம் தேச்சவளாவே இருந்தா கட்ட மாட்டானா? எதுக்குடி மச்சம்?" என்று கத்தி, அதற்கு மேல் சௌராஷ்டிரத்துக்குப் போய்விட்டார். வார்டன் ஓடிவந்தார். புத்தகத்தின் முதுகு உடைந்துபோயிருந்தது.

அப்போது நாங்கள் சிரித்தோம். எனக்கே ஒரு மச்சம் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பா கையை ஊன்றி எழுந்து, கொஞ்சம் நிலம் வாங்கி, சொந்த வயலில் நின்று என்னைப் படிக்கவைத்தார். என்னோடு வேலை பார்த்த செந்திலும் நானும் விரும்பினோம். அவன் வீடு பழங்காநத்தம், அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. ரொம்ப நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த மனிதர் ஒருநாள் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் என்று என் அப்பா பெயர் இருக்காது. அவருக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் பெயர் இருக்கும். மேடையில் என்னைத் தாரை வார்த்துக் கொடுப்பதும் அந்தத் தலைமையாசிரியர்தான். என் அப்பா, அம்மா முன்வரிசையில் உட்காரலாம், 'தெரிஞ்சவங்க' என்று. சாதி என்ற சொல்லை மட்டும் அவர் வாயில் எடுக்கவே இல்லை. அம்புட்டு நாகரிகம்! இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

செந்தில் சொன்னான்: "ஒரு நாள்தான. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் என் கையில் சிக்கட்டும். ஆனால் செந்திலைவிட என்னை நொறுக்கியது என் அப்பாதான். போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ நல்லா இருந்தா போதும்த்தா. நான் எங்க உக்காந்தா என்ன?" என்றார். அப்பாவே சம்மதித்த பிறகு நான் யாரோடு சண்டை போடுவது?

அக்காவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கு நானும் வாரேன்" என்றார்.

"சத்தம் போடுவீங்கக்கா."

"போட மாட்டேன். ஒரு கதை சொல்லிட்டு வந்துருவேன்."

பழங்காநத்தத்தில் செந்திலின் அப்பா நல்லபடியாகத்தான் வரவேற்றார். காபி வந்தது. "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "ஒரே ஹாஸ்டல்" என்றார் அக்கா. அத்தோடு அவர் கொடுத்த மரியாதை பாதி குறைந்தது தெரிந்தது. செந்திலின் அம்மா டிவி சீரியலில் ஒரு கண் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா ஆரம்பித்தார். வெளிநாட்டில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததுபோலவே சொன்னார். ஒரு பெரிய வீட்டுச் சமையல்காரன், தெருவில் கிடந்த பச்சைப் பெண் குழந்தையை எடுத்து வளர்க்கிறான். தான் பட்டினி கிடந்து அதற்குப் பால் வாங்குகிறான். அது வளர்ந்ததும், அந்தப் பெரிய வீட்டுப் பையன் அதை விரும்புகிறான்.

செந்திலின் அம்மா டிவியை அணைத்தார். "அய்யய்யோ, வீட்டுல என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க, ஒத்துக்கல. பிறகு பாத்தா அந்தப் பிள்ள வேறொரு பெரிய வீட்டுப் பிள்ளையாம். உடனே எல்லாருக்கும் சந்தோசம். கல்யாணம் தடபுடலா நடந்துச்சு."

"வளத்தவன்?" என்று கேட்டது சாட்சாத் செந்திலின் அப்பா. நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"அவன அந்தப் பக்கம் விடல. பொண்ணு மணமேடையில நிக்கிறப்ப அவன் அடுப்படியில விருந்துக்குக் கறி வெட்டிக்கிட்டு இருந்தான்."

"என்ன மனுசங்கம்மா அவங்க!" அவர் தொடையில் தட்டினார். "பட்டினி கிடந்து வளத்தவன மேடையில நிக்க வைக்க வேணாமா? பணம் இருந்து என்ன, மனசு இல்லையே!"

"அதைத்தாண்ணே கேக்க வந்தேன்" என்றார் அக்கா. "இந்தப் பிள்ளையோட அப்பாவ எங்க உக்கார வைக்கப் போறீக?"

அந்த மனிதரின் முகம் மெதுவாகக் கறுத்தது. "அது கதை. இது குடும்பம். சொந்தக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும். அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான்..."

'நல்லதுக்கு' என்ற சொல்லில் அக்கா கொடுத்த வாக்கு உடைந்தது. நேராகச் சௌராஷ்டிரம். பிரபுக்களுக்காக இத்தனை வருஷம் சேர்த்துவைத்திருந்த அத்தனையும் ஒரே மனிதர் தலையில் இறங்கியது. அவர் காபி டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டார். அக்கா மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், செந்திலின் அம்மா எழுந்தார்.

"அவங்க பேசுறது எனக்குப் புரியல. நீங்க பேசினது புரிஞ்சுச்சு" என்றார் கணவரைப் பார்த்து. "மனசு இல்லையேன்னு இப்பத்தான் வாயால சொன்னீக. பத்திரிகையில இந்தப் பொண்ணோட அப்பா பேரு இல்லைன்னா என் பேரும் வேணாம். நானும் 'தெரிஞ்சவங்க'ளாவே முன்வரிசையில உக்காந்துக்கிறேன்."

அப்போதுதான் செந்தில் தலையை நிமிர்த்தினான். "என் பேரும் வேணாம்ப்பா" என்றான். மாப்பிள்ளை பெயரே இல்லாத பத்திரிகையை எந்த அச்சகத்தில் அடிப்பது? இவனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்கக் கூடாதா என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. அதை அவனும் அறிவான்.

பத்திரிகை என் அப்பா பெயரோடு வந்தது. மாமனார் கல்யாணம் முழுக்க மேடைக்குப் பக்கவாட்டில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஏர்கூலரை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பந்தியில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை. மூன்று தடவை பாயசம் கேட்டார்.

தாரை வார்க்கும்போது என் அப்பாவுக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. இத்தனை பேர் பார்க்க ஒரு மேடையில் அவர் நின்றதே இல்லை. செம்புத் தண்ணீர் எங்கள் கையில் விழாமல் செந்திலின் வேட்டியில் விழுந்தது. கீழேயிருந்து ஒரு சத்தம்: "கையை ஆட்டாதீங்கண்ணே!" சொன்னதோடு நிற்காமல் அக்கா மேடையேறி வந்து, அப்பாவின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் நேராக விழுந்தது. "நிமிந்து நில்லுங்க, யாருக்குப் பயம்?" என்று அவரையும் ஒரு திட்டு.

செந்தில் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் என் அப்பாவிடம், "இந்தம்மா பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அப்பா செம்பைக் கீழே வைக்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

"என் தங்கச்சி" என்றார்.

அக்கா அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஓமப் புகைக்கு நடுவில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்று கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார், ஏதாவது ஒரு பிரபுவைத் திட்டிக்கொண்டே. அடுப்படியிலிருந்து "அத்தை" என்று குரல் கொடுத்தால் கூடத்தில் இரண்டு பேர் திரும்புவார்கள். மாமியார் "என்னத்தா?" என்பார், இன்னொருவர் எரிந்து விழுவார். எரிந்து விழுகிறவர் என் அப்பாவின் தங்கை.