காற்றைத் தின்னும் நாற்று

"இன்னைக்கும் உங்க பைன் நாத்து வெளிறிப்போய்த்தான் நிக்குது. என் தங்கச்சி வீட்டுக்காரர் பாத்தியைப் பாருங்க, தளதளன்னு!"

மதியச் சாப்பாட்டை நீட்டிக்கொண்டே மனைவி சொன்னாள். பைன்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

அக்கா தங்கையைக் கட்டிய இருவருக்கும் ஒரே வன நாற்றுப் பண்ணையில்தான் வேலை. மூத்த சகலைக்குப் பைன் மர நாற்றுப் பாத்தி, இளைய சகலைக்கு ஆல்டர் மர நாற்றுப் பாத்தி. பெரிய அதிகாரி வந்து பார்த்து, இருவரில் ஒருவரைப் பண்ணை மேலாளர் ஆக்கப்போகிறார். தனக்குக் கிடைக்காவிட்டால்கூடப் பைன்காரர் தாங்கிக்கொள்வார். சகலைக்குக் கிடைத்தால் தாங்கமாட்டார். பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை, தூக்கத்தில்கூடப் பல்லைக் கடிக்கிற பொறாமை.

"அவன் என்னத்தைக் கிழிச்சிட்டான்? ஆல்டர் வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும். அதுக்குள்ள பாக்டீரியா உக்காந்து, காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு ஊட்டி விடுது. ஓசிச் சாப்பாடு! என் பைன் பாவம். வேர்ல இருக்கிற பூஞ்சைக்குச் சர்க்கரையைக் குடுத்து, அது மண்ணுல துழாவிக் கொண்டு வர்றதைத்தான் சாப்பிடணும்."

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? பச்சையா இருக்கா, இல்லையா?"

அன்றே பைன்காரர் தன் பாத்தியில் நைட்ரஜன் உரமான யூரியாவை அள்ளிக் கொட்டினார். ஊசியிலைகளின் நுனி கருகியது. வேரில் இருந்த பூஞ்சையும் தேய்ந்துபோனது.

ஆல்டர்காரர் பதறி ஓடிவந்தார். "ஐயோ, என்னாச்சுண்ணே? நான் ஏதாவது ஒத்தாசை பண்ணட்டுமா?"

"உன் வேலையைப் பாத்துட்டுப் போ!"

பரிதாபப்படுகிறானாம்! பைன்காரருக்கு வயிறு இன்னும் எரிந்தது. எரிந்த வயிற்றில்தான் அந்த யோசனை பிறந்தது. கையில் சோறு கிடைத்தால் எவன் அடுப்பு மூட்டுவான்? ஆல்டருக்கு நைட்ரஜனை நாமே ஊட்டிவிட்டால் அது வேரில் புது முடிச்சே போடாது, இருக்கிற முடிச்சும் வாடி உதிர்ந்துவிடும். முடிச்சு இல்லாமல், காட்டில் நட்டதும் பட்டினி கிடக்கப்போகும் ஆல்டரை அதிகாரி மதிப்பாரா?

ஆல்டர்காரர் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, பூவாளியில் யூரியாவைக் கரைத்து, நாற்று கருகாத அளவுக்குப் பக்குவமாக ஊற்றினார். தினமும் ஊற்றினார். சொந்த நாற்றைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

பாவி நாற்று இன்னும் பச்சையானது! பண்ணைக்கு வந்தவர்களெல்லாம் அந்தப் பாத்தியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"கண்ணு பட்டுடப் போகுது," என்றாள் மனைவி.

"எப்பவோ பட்டாச்சு," என்று முணுமுணுத்தார்.

அதிகாரி வந்தார். பைனைப் பார்த்து "ம்" என்றார். ஆல்டரைப் பார்த்து "அடேங்கப்பா!" என்றார்.

பைன்காரர் முன்னால் பாய்ந்தார். "மேல பாத்து ஏமாந்துடாதீங்கய்யா. வேரைப் பாருங்க!"

அதிகாரி ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேரில் பேருக்குக்கூட ஒரு முடிச்சு இல்லை. இன்னொன்றைப் பிடுங்கினார். அதிலும் இல்லை. ஆல்டர்காரரின் முகம் சுண்டிப்போனது.

"பாத்தீங்களாய்யா? யாரோ நல்லா உரத்தை ஊட்டி வளத்திருக்காங்க. இந்தப் பாத்தியை வளத்த ஆளுக்கு மேலாளர் பதவி குடுத்தா பண்ணை உருப்படுமா?"

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"சத்தியமாய்யா! இதுல சொந்தம் பந்தம்னு பாக்கவே கூடாது."

அதிகாரி மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "உங்க சகலை நேத்து எனக்குப் போன் பண்ணி, 'அந்த ஆல்டரை வளத்தது நான் இல்லய்யா, நான் சாப்பிடப் போறப்பல்லாம் எங்க அண்ணன்தான் எனக்குத் தெரியாம வந்து தண்ணி ஊத்திட்டுப் போறாரு, பதவியை அவருக்கே குடுத்துடுங்க'ன்னு கெஞ்சினாரே!"