படத்தில் உள்ளபடி

ஒரு மகத்தான ரயில் புகைப்படத்துக்கு என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும், முதலில் ரயில் வேண்டும் என்பார்கள். அது விவரம் தெரியாதவர்களின் பேச்சு. ரயில்வே விளம்பரப் பிரிவில், படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதும் வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கும் கோணத்தைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். கோணம் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். டீக்கோப்பையைக்கூட இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவர் இலக்கணப்படி, வெயில் எஞ்சினின் முகத்தில் விழவேண்டும். எஞ்சினின் தலையிலிருந்து கம்பம் எதுவும் முளைக்கக் கூடாது. வளைவில் கடைசிப் பெட்டி வரை தெரியவேண்டும். முக்கியமாக, மனிதர்கள் இருக்கக் கூடாது. மனிதர்கள் கொட்டாவி விடுவார்கள், முதுகைச் சொறிவார்கள். ரயில் அப்படியெல்லாம் செய்வதில்லை. இவ்வளவும் தெரிந்து பதினோராயிரம் படம் எடுத்தவருக்கு, அதில் ஒன்றையாவது இலாகாவின் நாட்காட்டியில் ஏற்றும் வழி மட்டும் தெரியவில்லை. மற்றவர்களின் படங்களுக்குக் கீழே "கம்பீரமான காலை" என்று எழுதி எழுதி அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் அமைந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன்தான். காலை வண்டி வளைவில் திரும்பியது. எதிரே இருந்த கிடங்கின் கூரையைத் தாண்டி வெயில் அப்போதுதான் இறங்கி, எஞ்சினின் முகத்தில் சரியாக விழுந்தது. இடது பக்கம் காலியாக இருந்த இடத்தில் பிளாட்பாரத்துக் கடிகாரம் வட்டமாக உட்கார்ந்து படத்தைச் சமன் செய்தது. ஒரு மனிதத் தலை இல்லை. வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. நாட்காட்டி அச்சாகி வந்ததும் மனைவியின் முன்னால் சாதாரணமாக மாட்டுவதுபோல் மாட்டவேண்டும் என்று திட்டம்.

நாட்காட்டிப் படத் தேர்வுக் குழுவின் தலைவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"படம் பிரமாதம். கடிகாரம் என்ன மணி காட்டுது?"

"ஏழு நாற்பத்தேழு, சார்."

"அட்டவணைல அந்த வண்டிக்கு என்ன மணி?"

"ஏழு அஞ்சு, சார்."

"அப்போ நம்ம வண்டி நாற்பத்திரண்டு நிமிஷம் லேட்டுன்னு நாமளே அச்சடிச்சு, வீட்டுக்கு வீடு ஆணி அடிச்சு மாட்டப் போறோம்."

"அது ஊருக்கே தெரிஞ்சதுதானே, சார்."

"ஊருக்குத் தெரியறது வேற. இலாகா ஒத்துக்கறது வேற."

அந்த வண்டி ஏன் நாற்பத்திரண்டு நிமிடம் தாமதமாக வருகிறது என்பதற்கு ஏற்கெனவே ஒரு விசாரணை நடந்திருந்தது. தாமதமாகக் கிளம்புவதால் தாமதமாக வருகிறது, முந்தின நாள் தாமதமாக வந்ததால் தாமதமாகக் கிளம்புகிறது என்று கண்டறிந்து, கோப்பைத் திருப்தியோடு மூடியிருந்தார்கள்.

கடிகாரத்தை வெட்டிவிடலாமே என்றார் ஓர் உறுப்பினர். இந்த இடத்தில் கோணம் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "வெட்டினா படத்தோட சமநிலை போயிடும், சார். அதுக்கு நீங்க வேற படமே போடலாம்" என்றார், தன் குழந்தையின் காதை அறுக்கச் சொன்னதுபோல. குழு அவருடைய கலை உள்ளத்தைக் குறிப்பேட்டில் பாராட்டிவிட்டு, வேறு வழி தேடியது.

ஒரே ஒரு நாள் வண்டியைச் சரியான நேரத்துக்கு வரவைத்து மறுபடி படம் எடுப்பது என்று தீர்மானமாகி, தனி உத்தரவு போயிற்று. அன்று வண்டி ஏழு ஐந்துக்கே வந்துவிட்டது. ஒருவரும் ஏறவில்லை. எல்லோரும் வழக்கம்போல ஏழே முக்காலுக்கு வந்து, போன வண்டியை நினைத்துத் திட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவர்களில் கோணத்தின் மனைவியும் ஒருத்தி. படமும் தேறவில்லை. ஏழு ஐந்துக்கு வெயில் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. எஞ்சின் முகம் கழுவாததுபோல் இருந்தது.

தலைவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தார். "முதல் படத்துல தப்பு ஒண்ணும் இல்லை. தப்பு அட்டவணைலதான் இருக்கு."

மேற்படி புகைப்படத்தில் கண்டுள்ளபடி மேற்படி வண்டியின் வருகை நேரம் 7.47 எனத் திருத்தியமைக்கப்படுகிறது என்றும், இனி வரும் காலங்களில் இலாகாவின் நாட்காட்டியும் இலாகாவின் சேவையும் ஒன்றுக்கொன்று முரண்படலாகாது என்றும் ஆணை வெளிவந்தது. கோணம் தனக்காகக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். படத்தின் ஓரத்தில் அவர் பெயர் வரவேண்டும். எறும்புக் கால் அளவு எழுத்தில் போட ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு மாதம் அந்த வண்டி நேரந்தவறாமைக்குப் பேர் எடுத்தது. அப்புறம், யார் மேலும் குற்றம் சொல்ல முடியாதபடி, தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. அச்சடித்த நேரத்துக்கு நாற்பத்திரண்டு நிமிடம் கழித்து வருவதுதான் அதன் சுபாவம். அதாவது, எட்டு இருபத்தொன்பது.

கோணத்தின் மனைவி கண் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கவைப்பாள். ஒன்பது மணிக்கு முதல் ஆளை உட்காரவைக்க வேண்டும். இப்போது அவள் போய்ச் சேர ஒன்பதரை ஆயிற்று. மூன்றாவது வாரம் பெரிய டாக்டர் காகிதத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்: இந்த மாதக் கடைசிக்குள் நேரத்துக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

"பன்னிரண்டு வருஷ வேலைங்க" என்றாள் மனைவி. "எந்தப் புண்ணியவானோ போட்டோ எடுத்தானாம், அதுக்காக வண்டி நேரத்தை மாத்தினாங்களாம். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்."

"ஆமா, கிடைக்கட்டும்" என்றார் கோணம். நாட்காட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. அலுவலக மேஜைக்குள் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது.

பயணிகள் இருநூற்றுப் பதினாறு பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து மனைவியுடையது. படம் சம்பந்தப்பட்டது என்பதால் மனு விளம்பரப் பிரிவுக்கு வந்து, பதில் எழுதும் பொறுப்பு கோணத்தின் தலையில் விழுந்தது. "தங்கள் மேலான கவனத்துக்கு வந்துள்ள குறை இவ்வலுவலகத்தின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது" என்று எழுதும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினார். வேறு எழுத அவருக்குத் தெரியாது.

அந்தப் பதில் வீட்டுக்கு வந்த சாயங்காலம், மனைவி அதை ஒரு கையிலும் நாட்காட்டியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனைக்கு இலாகா இலவசமாக ஒன்று அனுப்பியிருந்தது.

"இந்த ஓரத்துல இருக்கிற எழுத்தைக் கொஞ்சம் படிங்க."

"ரொம்பப் பொடியா இருக்கே, கண்ணாடி எங்கே வச்சேன்..."

"நான் படிச்சிட்டேன். எனக்கு அதுதானே வேலை."

கோணம் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிகாரத்தை வெட்டச் சொன்னதையும், தான் வெட்டவிடாததையும் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ உங்க ஆபீஸ்ல மனுவுக்கு மதிப்பில்லை. படத்துக்குத்தான் மதிப்பு" என்றாள்.

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"வண்டி எப்பவும் போட்ட நேரத்துக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் கழிச்சு வரும். ஏழு அஞ்சுக்கு வரணும்னா எத்தனை மணின்னு போடணும்?"

"ஆறு இருபத்துமூணு."

"கடிகாரத்துல ஆறு இருபத்துமூணு காட்டுற மாதிரி ஒரு நல்ல படம் எடுத்துக் குடுங்க."

"அந்த நேரத்துக்கு ரயிலே வராதே."

"அது உங்க பாடு" என்றாள் அவள். "வேலை போறது என் பாடு."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோணம் பிளாட்பாரத்தில் நின்றார். வெயில் இல்லை. எஞ்சின் இல்லை. அவருடைய இலக்கணத்தில் மனிதர்கள் இல்லாதது ஒன்றுதான் தேறியது. ஆறு இருபத்துமூன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேமராவின் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். காலித் தண்டவாளம், சாம்பல் நிற வானம், கடிகாரம். வாழ்க்கையில் அவர் எடுத்த மிக மோசமான படம் அதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நாட்காட்டிக்குத் திருத்திய பதிப்பு கொண்டுவரச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்திருந்த சமயம். குழுவுக்குப் புதிதாக ஒரு கலை ஆலோசகரையும் நியமித்திருந்தார்கள். வெயில் காலத்திலும் கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருப்பவர். அவர் படத்தைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ரயில் எங்கே?" என்றார் தலைவர்.

"அதைத்தான் படம் கேட்குது" என்றார் ஆலோசகர். "ரயிலை வச்சு ரயில் படம் யார் வேணும்னாலும் எடுக்கலாம். இப்போ உலகம் பூரா ரயில் இல்லாத ரயில் படம்தான். எவ்வளவு துணிச்சல் பாருங்க."

எல்லோரும் துணிச்சலைப் பார்த்தார்கள். கோணமும் பார்த்தார். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் தலைகுனிந்து நின்றவர், "வெளிச்சத்தை வேணும்னேதான் தவிர்த்தேன்" என்று சொல்வது அவர் காதிலேயே விழுந்தது. பெயரை இந்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தில் போடமுடியுமா என்றும் கேட்டுவைத்தார்.

அட்டவணை 6.23 ஆயிற்று. வண்டி சுபாவம் மாறாமல் ஏழு ஐந்துக்கு வந்தது. மனைவி எட்டேகாலுக்கே மருத்துவமனையில் இருந்தாள். பெரிய டாக்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். பயணிகள் கோணத்தின் வீட்டுக்கே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். பத்து நாள் அவர் தெருவில் நடந்தபோது அவர் கால் தரையில் படவில்லை.

பதினோராவது நாள் ஆணை வந்தது. திருத்திய நாட்காட்டியில் கண்டுள்ளபடி 6.23க்கு மேற்படி நிலையத்தில் ரயில் ஏதும் காணப்படவில்லை. நாட்காட்டியும் சேவையும் முரண்படலாகாது என்ற முந்தைய ஆணையின்படி, மேற்படி வண்டி உடனடியாக நிறுத்தப்படுகிறது.

கோணம் தலைவரிடம் ஓடினார். "சார், வண்டி வேணும் சார். படத்தை வேணும்னா மாத்திடலாம்."

"நீங்களா இப்படிப் பேசறீங்க?" என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. "அதுல ஒரு ரயிலைச் சேர்த்தா படத்தோட சமநிலை என்ன ஆகும்?"

அந்த ஆண்டு நேரந்தவறாமைக் கேடயம் அந்த வண்டிக்குத்தான் கிடைத்தது. நிறுத்தப்பட்ட நாள் முதல் அது ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வந்ததில்லை. கேடயத்தைப் பெற்றுக்கொள்ள ஓட்டுநர் இல்லாததால் கோணம் மேடையேறி வாங்கினார். கைதட்டியவர்களில் பயணிகளும் இருந்தார்கள்.

பஸ்ஸில் போனால் பத்து மணி ஆகும். டாக்டர் மறுபடி காகிதத்தை எடுத்தார். அதனால் கோணம் தினமும் காலையில் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடவேண்டியதாயிற்று. முதல் நாள் ஏழு மணிக்கே கிளம்பினார்கள். ஸ்டேஷனைத் தாண்டியதும் லெவல் கிராசிங். கேட் மூடியிருந்தது. ஐந்து நிமிடம் நின்றார்கள். பத்து நிமிடம் நின்றார்கள். கோணம் இறங்கி கேட்காரரிடம் போனார்.

"என்ன வண்டி வருதுங்க?"

"ஏழு அஞ்சு வண்டி."

"அதைத்தான் நிறுத்திட்டாங்களே."

"வண்டிக்குச் சொல்லியிருப்பாங்க. கேட்டுக்கு யாரும் எழுதித் தரலைங்க. எங்ககிட்ட இருக்கிறது முதல் அட்டவணைதான். ஏழு மணிக்கு மூடணும். வண்டி போனப்புறம் திறக்கணும்."

"வண்டியே இல்லாதப்போ எப்படிங்க போகும்?"

"எப்பவும் போற நேரம் ஒண்ணு இருக்கில்ல. ஏழு நாற்பத்தேழு. அதுக்குத் திறப்போம்."

இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. முன்பு ரயிலில் போன முகங்கள்தான் எல்லாம். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. எல்லோரும் இல்லாத ரயில் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கிடங்கின் கூரையைத் தாண்டி வெயில் மெல்ல இறங்கி, காலித் தண்டவாளத்தின் மேல் பொன்னாக விழுந்தது.

"இறங்கி எடுத்துக்கோங்க" என்றாள் பின்னாலிருந்து. "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு."