வேலியைப் பின்னுக்கு நகர்த்தியவர்

திருகோணமலை
11.3.1973

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய இராசதுரை அத்தானுக்கு,

பாக்கியரத்தினம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கொழும்பில் உங்கள் சுகமும் அக்காவின் முழங்கால் நோவும் எப்படி என்று அறிய ஆவல்.

நீங்கள் பேசித்தந்த சம்பந்தத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. துறைமுகத்தில் கிரேன் திருத்தும் ஞானசேகரத்தில் வேறு குறை இல்லை. குடியில்லை, சூதில்லை, மகள் புஷ்பவதிக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே, "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, மாமா. பிறகு தெரிஞ்சு மனவருத்தப்படக் கூடாதெண்டு இப்பவே சொல்லுறன்" என்றார். கடவுளுக்குப் பயப்படாதவன் நல்லவனாக இருப்பானா? மூன்று நாள் யோசித்தேன். ஒரு நாள் கிட்ட வைத்துப் பார்ப்போம் என்று இன்று காலை வேலியடைப்புக்கு வரச் சொன்னேன்.

ஏழே காலுக்கு வந்தார். அடைக்க வேண்டியது கிழக்கு வேலி. அந்தப் பக்கம் அயல்வீட்டு ஸைனுலாப்தீனின் வளவு. நான் வழக்கம்போலப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் வேலிக்கு நடும் புதுக் கதியால் தடிகளுக்குக் குழி குறித்தேன். உக்கின கதியாலை மாற்றும்போது பழைய குழியில் மண் இறுகாது, புதுக் குழிதான் வெட்ட வேணும், இப்பால் வெட்டினால் என் தேசிக்காய் மரத்தின் வேர் அறும், ஆகவே அப்பால் வெட்டுவேன், வருடத்துக்கு இரண்டு அங்குலம், பதினேழு வருடத்தில் அதற்கு மேல் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. இந்த மனுசன் குழி வெட்டாமல் காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்டார், கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று இன்னும் விளங்கவில்லை, அளவு நாடாவை இழுத்தார், அலவாங்குக் கம்பியால் நிலத்தில் குத்தினார், ணங் என்றது. எல்லைக்கல்! வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டடி பத்தங்குலத்தில்.

"கல் நகர்ந்திருக்கும், தம்பி."

"கல் நடக்காது, மாமா. கதியால்தான் நடக்கும்."

அந்த நேரம் பார்த்து ஸைனுலாப்தீன் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "எனக்கு எப்பவோ தெரியும், பாக்கியண்ணன். அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும் எண்டு விட்டனான். நீங்க புள்ளையாரைக் கும்புட்டுத் தள்ளுறீங்க, நான் அல்லாஹ்வ நம்பி இரிக்கன், கடைசியில கடவுளே இல்லை எண்ட ஆள்தான் நாடாவோட வந்திரிக்கார்!" விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"கடவுள் இல்லையெண்டால் உமக்கு ஆரிட்டப் பயம்? சும்மா அடைச்சுப்போட்டுப் போக வேண்டியதுதானே?" என்று நான் கத்தினேன்.

"பயமெண்டு ஒண்டுமில்லை, மாமா. அவற்ற காணி அவருக்கு. இதுக்கேன் கடவுளுக்குக் கரைச்சல்?"

மத்தியானத்துக்குள் முப்பத்தொரு கதியாலும் கல்லின் நேருக்குப் பின்வாங்கிவிட்டன, மரம் அந்தப் பக்கம் போய்விட்டது, ஸைனுலாப்தீனின் மனைவி றுக்கியா அதில் பிடுங்கி ஒரு கூடை தேசிக்காய் அனுப்பினா, என் மரத்துக் காய் எனக்கே அன்பளிப்பு, அதைப் பிழிந்து புஷ்பவதி அவருக்கு இரண்டு தரம் தண்ணி கொடுத்தாள், எனக்கு ஒரு தரமும் இல்லை.

அத்தான், கடவுளுக்குப் பயந்தவன் என்றால் சமாளிக்கலாம். ஒரு அர்ச்சனையோடு சரிக்கட்டலாம். இந்த ஆளை எதைச் சொல்லி வழிக்குக் கொண்டுவருவது? ஆகவே சாதகம் பொருந்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு எழுதிவிடுங்கள். எட்டுப் பொருத்தம் என்று முன்பு எழுதியதைச் சாத்திரியாரின் பிழை என்று போடுங்கள்.

கோணேசப் பெருமான் உங்களுக்கும் அக்காவுக்கும் நீண்ட ஆயுளும் நேர்மையான அயலும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
பாக்கியரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில், நாடா கையில் இருக்கிறதே என்று அவர் மேற்கு வேலியையும் அளந்துவிட்டார். மேற்கில் இருப்பது நீங்கள் பூட்டிவிட்டுப் போன உங்கள் வளவு. உங்கள் வேலி எங்கள் காணிக்குள் நாலடி மூன்றங்குலம் நிற்கிறது, காய்க்கிற தென்னை ஒன்றோடு. தங்கமான பொடியன், அத்தான்! கடவுளை நம்பாவிட்டால் என்ன, உறுதியை நம்புகிறாரே. சாதகம் பற்றி ஓர் எழுத்தும் எழுத வேண்டாம், கலியாணம் வைகாசியில். வேலியை இன்றைக்கே நகர்த்தும் என்றேன். "ஆளில்லாத நேரம் கதியாலைத் தொடமாட்டன், மாமா. முதல் அவரைக் கேளுங்கோ" என்கிறார். ஆகவே கேட்கிறேன்: நீங்கள் வந்து நகர்த்துகிறீர்களா, அல்லது எங்கள் மாப்பிள்ளையே நகர்த்தட்டுமா?