புயலுக்கு என் பொறுப்பாளர் மீனம்பாள்

செஞ்சி,
புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கும் என் மகன் தேவேந்திரனுக்கு அம்மா தைலம்மாள் எழுதுவது. நான் சுகம். நீயும், பேரன் ஆதவனும், போன பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல் போன உன் பெண்டாட்டி கலைச்செல்வியும் சுகமாக இருப்பீர்கள். போனில் சொன்னால் நீ “சரிம்மா சரிம்மா” என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி உள்ளேயேதான் இருக்கும்.

புயல் காலத்தில் எனக்குப் பொறுப்பாக ஒரு ஆள் பெயர் காட்டாவிட்டால், ஐப்பசி பிறக்குமுன் வீட்டைப் பூட்டி என்னை உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன் என்றாய் அல்லவா? உன் வீட்டில் கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு கதவு. அதைத் திறந்து யாரும் வருவதும் இல்லை. அங்கே நான் யாரிடம் சண்டை போடுவேன்? அதனால்தான் வயதானவர்களுக்குப் புயல் பாடம் நடத்த ஜெயஸ்ரீ என்ற பெண் நம் தெருவுக்கு வந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். நல்ல பெண்தான், பொறுமைசாலி, ஆனால் மழை எப்போது வரும் என்று போனைப் பார்த்துச் சொன்னாள். ராஜகிரி மலை உச்சி மேகத்தில் மறைந்தால் துணியை எடுக்க வேண்டும், பக்கத்துக் கிருஷ்ணகிரி மலையும் மறைந்தால் ஆட்டை உள்ளே கட்ட வேண்டும், இது தெரியாமலா எழுபத்து மூன்று வருஷம் இங்கே இருக்கிறேன் என்று கேட்டேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு ஆளுக்கொரு பை கொடுத்து, டார்ச் லைட், மாத்திரை, அவல், முக்கியமான தாள்கள் எல்லாவற்றையும் அதில் போட்டுத் தயாராக வைக்கச் சொன்னாள். மறுநாள் வந்து என் பையைப் பிரித்தால் உள்ளே உன் சின்ன சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை இருந்தது. அதில் உன் நைனா பெயரைத் தம்பி பெயருக்குக் கீழே போட்டிருந்தார்கள், நினைவிருக்கிறதா?

“இன்னா ஆயா இது? ஆதார் கார்டு எங்க?” என்றாள்.

“ஆதார் போனா கவர்மென்ட்டுல வேற குடுப்பாங்க. இது போனா எனக்கு யாரு குடுப்பாங்க?” என்றேன்.

இதுவரை சரி. அடுத்துதான் தலையில் கல்லைப் போட்டாள். ஒவ்வொரு கிழவிக்கும் கூப்பிடு தூரத்தில் ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். வெள்ளம் வந்தால் அவர் வந்து அழைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். பக்கத்து வீட்டு எஸ்தரைப் போடு என்றேன், எஸ்தர் தன் மாமியார் ராயம்மாளுக்குப் பொறுப்பாகிவிட்டாளாம். கடைசியில் எனக்கு மீனம்பாள், மீனம்பாளுக்கு நான் என்று எழுதி இருவரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். கண்ணாடி இல்லாமல் போட்டேன், தப்பு என்னுடையதுதான்.

மீனம்பாள் எதிர்வீடு. முப்பத்தொரு வருஷமாக அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. அவள் மகள் சுமலதாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தெரு முழுக்க வீட்டுக்குள் போய்க் குங்குமம் கொடுத்து, தாம்பூலத் தட்டு வைத்து அழைத்தாள். நம் வீட்டுக்கு மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று “ஞாயித்துக்கெழம வந்துடு” என்றாள். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன், அவள் கட்டியிருந்தது ஊதாப் புடவை. அன்றிலிருந்து அவசரம் என்றால் இருவரும், மற்றவள் காதில் விழும்படி, என் ஆட்டிடம்தான் சொல்வோம். இப்போது இருப்பது ஒன்பதாவது ஆடு. முன்னவை எல்லாம் இதைவிடக் கெட்டிக்கார ஆடுகள்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. வெள்ளம் வந்த மாதிரி ஜெயஸ்ரீ விசில் ஊத வேண்டும். மீனம்பாள் என் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும், நான் குரல் கொடுத்து வெளியே வர வேண்டும். தெருவே நின்று பார்க்கிறது. விசில் ஊதியாயிற்று. மீனம்பாள் நேராக வந்து ஆட்டின் முன்னால் நின்றாள்.

“ஏ ஆடே, உள்ள குந்திகினு இருக்கிறவங்க வூட்டுக்கு வெள்ளம் வந்துட்டுதாம். வரச்சொல்லு.”

நான் உள்ளே இருந்தே சொன்னேன்: “ஆடே, உள்ள வந்து, தட்டு வச்சி, மொறையா கூப்ட்டா வர்றேன்னு சொல்லு.”

“ஐயோ ஆயா, வெள்ளத்துல யாரு ஆயா தட்டு வைப்பாங்க?” என்று ஜெயஸ்ரீ தலையில் கை வைத்தாள்.

“ஆடே, தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துட்டுது, இன்னும் வீம்பு போவலியான்னு கேளு” என்றாள் மீனம்பாள்.

“ஆடே, முழுகினாலும் மரியாதையா முழுகுவேன்னு சொல்லு.”

அதற்குள் ஜெயஸ்ரீ பதற்றத்தில் இன்னொரு முறை விசில் ஊத, ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு சிங்கவரம் பக்கம் ஓடிவிட்டது. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. அவள் வாசலில், நான் உள்ளே. “பேசுங்க ஆயா, யாராவது ஒருத்தர் பேசுங்க!” என்று ஜெயஸ்ரீ கெஞ்சினாள். ஆடு இல்லாமல் எப்படிப் பேசுவது? கடைசியில் மூலைவீட்டு ஆல்பர்ட் சைக்கிளில் போய், ஒரு வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நாங்கள் இருவரும் முழுகி இறந்துவிட்டதாக ஜெயஸ்ரீ தாளில் எழுதிவிட்டாள். தெருவிலேயே நாங்கள் மட்டும்தான் இறந்தோம். தொண்ணூறு வயது ராயம்மாள்கூடப் பிழைத்துப் பள்ளிக்கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் திட்டத்தில் இப்போது முதல் வேலையாக “ஆட்டைக் கெட்டிக் கயிற்றில் கட்டவும்” என்று போட்டிருக்கிறது.

ஆகவே தேவேந்திரா, நீ உடனே ஜெயஸ்ரீக்கு எழுதி மீனம்பாள் பெயரை அடித்துவிட்டு வேறு யார் பெயரையாவது போடச் சொல். அவள் கூப்பிட்டு நான் பிழைப்பதைவிடக் கூப்பிடாமல் முழுகிப் போவது மேல். இதில் மாற்றம் இல்லை.

ஆதவனை மழையில் நனையவிடாதே. கலைச்செல்வி முதுகுவலிக்கு நொச்சி போட்டுக் குளிக்கச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
தைலம்மாள்

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை மீனம்பாளின் மகன் இளவழகன் புதுச்சேரியிலிருந்து காரோடு வந்துவிட்டான். ஒத்திகைக் கதை அவனுக்கும் போயிருக்கிறது. அம்மாவுக்கு இங்கே ஆள் இல்லை, அழைத்துப் போகிறேன் என்று பெட்டியை எல்லாம் ஏற்றிவிட்டான். அவள் பின் சீட்டில் உட்கார்ந்து என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கார் முன்னால் நின்றேன். “இன்னாடா நெனச்சிகினு இருக்கிற? ஆள் இல்லயா? நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்டா அவளுக்கு!” என்றேன். “நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லயே பெரிம்மா?” என்றான். “வெள்ளத்துல கையப் புடிச்சி இழுத்துகினு போறதுக்குப் பேச்சு எதுக்குடா?” என்றேன். பெட்டியை இறக்கிவிட்டான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போனாள், நானும் பேசவில்லை. ஜெயஸ்ரீக்கு ஒன்றும் எழுதாதே. நீயும் காரை எடுத்துக்கொண்டு வராதே. வந்தால் மீனம்பாள் அதன் முன்னால் வந்து நிற்பாள். நிற்காவிட்டால் அதையும் நான் மறக்க மாட்டேன்.